பழைய காரை ஏற்றி அனுப்ப: திறந்த ஃபிளாட்பெட்டா, மூடிய கன்டெய்னரா?

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எஸ்டீமை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஈரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மதுரைப் பட்டறையில் டிங்கரிங், பெயின்ட் முடிந்த கான்டெஸாவை ஊட்டிக்கு ஏற்ற வேண்டும். வண்டியும் ஊரும் மாறினாலும் நண்பர்கள் கேட்பது ஒன்றைத்தான்: திறந்த வண்டியில் அனுப்புவதா, மூடிய வண்டியிலா?

கேட்பவர்களில் பலர் பாதி முடிவோடுதான் வருகிறார்கள். மூடியது பாதுகாப்பு, செலவு அதிகம். திறந்தது மலிவு, தூசியும் மழையும் படும். இந்தக் கணக்கு நம் ஊருக்கு முழுசாகப் பொருந்தாது. இங்கே மூடிய வண்டி பல சமயம் மலிவாகவே முடியும். மேலும், காருக்கு அடிபடுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல, ஏற்றும்போதும் இறக்கும்போதும். அந்த நேரத்தில் கூரை இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி சொந்த டிரெய்லர் வாங்குவதைப் பற்றியது. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, தானே இழுத்துப் போவார்கள். இங்கே டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு எண் வாங்க வேண்டும். நம் கார்களின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்டுக்கு நாலு தடவை உருளப்போகும் ஒன்றை நிறுத்தி வைக்க இடமும் வேண்டும். சொந்தமாக வைத்துக்கொள்வது ரேஸ் டீம்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு வாடகை வண்டிதான். அதனால் இங்கே பேசுவது வாடகைக்குக் கிடைப்பவற்றைப் பற்றி மட்டும்.

## கேள்விக்குள் இன்னொரு கேள்வி

திறந்ததா மூடியதா என்று கேட்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது, வண்டி உங்களுக்கு மட்டுமா, பத்துப் பேரோடு சேர்ந்தா என்பது. நடைமுறையில் கிடைப்பவை மூன்று.

முதலாவது, தனி ஃபிளாட்பெட். சாலையில் நின்றுபோன வண்டியைத் தூக்க வருமே, அதேதான். தளம் ஹைட்ராலிக்கில் பின்னால் சரிந்து தரையைத் தொடும், வின்ச் எனும் கம்பிவடம் சுற்றும் உருளை காரை இழுத்து ஏற்றும். உங்கள் வாசலில் ஏற்றி, போகும் இடத்தின் வாசலில் இறக்கும்.

இரண்டாவது, தனி கன்டெய்னர் லாரி. 17 அடி, 19 அடி ஐச்சர் போன்றவை. மூன்று பக்கமும் கூரையும் தகடு, பின்னால் கதவு.

மூன்றாவது, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் மூலம் போகும் மூடிய கார் கேரியர். ஏழெட்டுக் கார் இரண்டு தட்டாக ஏறும் நீள டிரெய்லர். உங்கள் கார் அதில் ஒன்று.

பகிர்ந்து போகும் திறந்த வண்டியும் இருக்கிறது. பொழுதுபோக்குக் காருக்கு அதை எந்த வகையிலும் சிபாரிசு செய்ய மாட்டேன். திறந்ததன் குறையும் பகிர்வின் குறையும் சேர்ந்து வரும்.

செலவில் குழப்பம் வருவது இங்கேதான். தனி வண்டிக்காரர் திரும்பி வரும் வெறும் ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார். ரிட்டர்ன் லோடு கிடைக்கும் வழித்தடமாக இருந்தால் குறைப்பார். பகிர்வு கேரியரில் டீசலும் சுங்கமும் ஏழெட்டுப் பேருக்குப் பிரிந்துவிடும். ஆகவே கோவையிலிருந்து டெல்லிப் பக்கம் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட் ரேஸ் டிராக் வரை போகிறவருக்கு மூடிய பகிர்வு கேரியர்தான் மலிவு, திறந்த தனி ஃபிளாட்பெட்தான் விலை. கோவையிலிருந்து சேலம் போகிறவருக்கு இது தலைகீழ். வாடகையைத் தீர்மானிப்பது தூரமும் பகிர்வும்தான். கூரைக்கு அதில் பங்கு குறைவு.

## எதை வைத்து எடை போடுவது

விலைப்பட்டியலை ஒதுக்கிவிட்டு ஆறு விஷயங்களைப் பாருங்கள். கார் எந்தக் கோணத்தில் ஏறுகிறது? எதில் கட்டப்படுகிறது? வழியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது, அப்போது ஸ்டியரிங்கில் யார்? மழையும் கல்லும் படுமா? பாதி வழியில் காரைப் பார்க்க முடியுமா? ஏதாவது ஆனால் பணம் யார் தருவார்?

இவற்றில் மழை, கல் பற்றிய ஒன்று மட்டும்தான் கூரை சம்பந்தப்பட்டது.

ஏறும் கோணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாழ்ந்த வண்டிகள் அடிவாங்குவது இதில்தான். லாரியின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்று வையுங்கள். மூன்று மீட்டர் நீளப் பலகையோ இரும்புச் சட்டமோ சாய்த்து ஏற்றினால் கோணம் 19 பாகையைத் தாண்டும். ஆறு மீட்டர் நீளச் சரிவு என்றால் 10 பாகைக்குச் சற்றுக் கீழே. இப்போது உங்கள் காரை அளந்து பாருங்கள். முன், பின் சக்கர இடைவெளி 2.4 மீட்டர், நடுவில் தரைக்கு மேல் 12 சென்டிமீட்டர் என்றால், சரிவு முடிந்து தளம் தொடங்கும் விளிம்பில் ஏறத்தாழ 11 பாகை வரைதான் வயிறு தட்டாமல் தாண்டும். ஆறு மீட்டர் சரிவில் பிழைக்கும். மூன்று மீட்டரில் சைலன்சரோ எண்ணெய்ச் சட்டியோ விளிம்பில் உட்காரும். ஆம்பசடர்காரருக்கு இந்தக் கவலை குறைவு. ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய ரேஸ் காருக்கும் ஃபார்முலா காருக்கும் முதல் கேள்வியே இதுதான்.

## திறந்த ஃபிளாட்பெட்

இதன் பெரிய பலம் அந்தச் சரியும் தளம். கோணம் குறைவு, என்ஜின் ஓடாத வண்டியும் ஏறும், ஏற்றுபவர் காருக்குள் உட்காரவே வேண்டாம். சுற்றி நாலு பக்கமும் நடந்து பார்த்துக் கட்டலாம். இரண்டாவது பலம், ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கிப் பார்க்கலாம். புது பெல்ட் முதல் ஐம்பது கிலோமீட்டரில் தளரும். திறந்த வண்டியில் அது கண்ணில் படும், டிரைவர் இறுக்கிவிடுவார்.

கட்டும் முறையில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். டயரைச் சுற்றி ராட்சட் பெல்ட் (கைப்பிடியை அசைத்து இறுக்கும் பட்டை) போட்டுத் தளத்தோடு இறுக்குவதுதான் சரி. அப்போது சஸ்பென்ஷன் அதன் போக்கில் ஆடும், பெல்ட் இறுக்கம் குறையாது. சேசிஸில் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் அமுங்கி, பெல்ட் தொய்ந்து, அடுத்த நொடி வெட்டி இழுக்கும். ஆக்சிலில் கயிறு சுற்றுவது அதைவிட மோசம். பிரேக் பைப் பக்கத்திலேயே போகிறது. குரோம் பம்பர் கட்டுவதற்கான இடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ரெக்கவரி வண்டிக்காரர்கள் அவசரத்தில் பழகியவர்கள். விபத்தில் நசுங்கிய காரை ஏற்றும் அதே கையோடு உங்கள் பிரீமியர் பத்மினியையும் ஏற்றுவார்கள்.

பலவீனம் வெளிப்படையானது. முன்னால் போகும் லாரி தெறிக்கும் ஜல்லி, தாழ்ந்த கிளை, ஊருக்குள் தொங்கும் கேபிள், மழை. பழைய காரின் கண்ணாடி ரப்பர் நின்ற இடத்து மழையைத் தாங்கலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரே அடிக்கும் மழையைத் தாங்காது, தரைவிரிப்பு ஊறிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டே மழையில் இரண்டு மூன்று நாள் விட்டால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இதற்குப் பயந்து பலர் செய்வது கவர் போட்டு அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் காற்றில் துணி படபடக்கும். உள்ளே புகுந்த தூசியோடு சேர்ந்து நூறு கிலோமீட்டரில் உப்புத்தாள் வேலை பார்த்துவிடும். தார்ப்பாய் இன்னும் மோசம். கழுவித் துடைத்து வெறுமனே அனுப்பினால் தூசி மட்டும்தான் படியும், கழுவினால் போய்விடும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். அதன் பானட் முன்பக்கம் கீல் வைத்தது, மொத்த மூக்கும் முன்னோக்கித் திறக்கும். முகம் முன்னால் பார்க்க ஏற்றினால் காற்று அதை அழுத்தி மூடியே வைக்கும். திருப்பி ஏற்றினால் காற்று பானட்டின் திறக்கும் விளிம்புக்கு அடியில் புகும். பக்கவாட்டுக் கொக்கி பழசாக இருந்தால் அவ்வளவுதான். ஜீப் என்றால் கேன்வாஸ் கூரையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

## மூடிய வண்டி: தனியாக

புது பெயின்ட், பழைய அசல் பெயின்ட், தோல் இருக்கை, திறந்த மேல்பகுதி. இவைதான் காரின் மதிப்பு என்றால் தனி கன்டெய்னர் நல்ல யோசனை. யார் கண்ணிலும் படாது. இரவில் ஹோட்டல் வாசலில் நின்றாலும் சின்னம், விளக்குக் கண்ணாடி, ஹப்கேப் காணாமல் போகாது. ரேஸ் காரோடு டயர் செட், டூல் பெட்டி, ஸ்பேர் என்று போகிறவர்களுக்கு எல்லாம் ஒரே பூட்டுக்குள் அடங்குவது பெரிய நிம்மதி. எனக்குத் தெரிந்து மூடிய வண்டிக்கு ஆதரவான வலுவான வாதமும் இதுதான். மழைகூட இதற்கு அடுத்ததுதான்.

ஆனால் அளவுநாடாவோடு போங்கள். ஆம்பசடர் நீளம் 14 அடியைத் தாண்டும், அதனால் 14 அடி பாடி ஆகாது, 17 அடி வேண்டும். நீளத்தைவிட அகலம் சிக்கல். உள் அகலம் ஆறடிக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், ஐந்தரை அடி அகலக் காரை உள்ளே ஓட்டிவிட்டு டிரைவர் கதவைத் திறக்க முடியாது. கதவு விளிம்பு தகட்டில் தட்டும், அல்லது ஆள் ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வருவார், அவர் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் பெயின்டில் உரசும். தள்ளியோ வின்ச் வைத்தோதான் உள்ளே ஏற்ற வேண்டும். உள்ளே ஏறிய பிறகு கட்டுவதற்குக் குனிய இடமிருக்கிறதா, தரையில் கொக்கி போட வளையம் இருக்கிறதா? சரக்குக்கென்று கட்டிய பாடியில் பெரும்பாலும் இருக்காது. கட்டை வைத்து ஆணி அடிப்பார்கள்.

ஏற்றும் இடமும் தனிச் செலவு. தளத்தின் உயரத்துக்கு மேடை உள்ள கிடங்கோ, மண்மேடோ வேண்டும். இரண்டு முனையிலும் வேண்டும். ஏற்றும் முனையில் நண்பரின் கிடங்கு கிடைத்து, இறக்கும் முனையில் ஒன்றும் இல்லாமல் ஃபிளாட்பெட்டை வரவழைத்து, இரண்டின் பின்பக்கத்தையும் ஒட்ட நிறுத்திக் காரை மாற்றிய கதைகள் நிறைய. இரண்டு வாடகையும் கொடுத்தாயிற்று, பயந்த பயமும் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதது இன்னொரு குறை. சேலம், தருமபுரி நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பெல்ட் ஒன்று விட்டாலும், கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. பழைய கார்புரேட்டர் பெட்ரோல் கசிந்தால் ஆவி அதே பெட்டிக்குள் தேங்கும். டாங்கில் கால்வாசிக்குக் கீழே வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அனுப்புவது இங்கே கட்டாயம். மழையில் நனைந்த காரைத் துடைக்காமல் உள்ளே பூட்டினால் இரண்டாம் நாள் தோல் இருக்கையில் பூஞ்சை வாசம் வரும்.

## மூடிய வண்டி: பகிர்ந்து

தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் விலையில் இதை அடிக்க ஆளில்லை. விலையில் தெரியாதது, கார் நேராகப் போவதில்லை என்பது. உங்கள் வீட்டிலிருந்து யாரோ ஓட்டிப்போய் யார்டில் விடுவார்கள். கேரியர் நிரம்பும்வரை அங்கே வெயிலில் நிற்கும். பணம் கொடுத்தது கூரைக்கு; யார்டுக்குக் கூரை கிடையாது. பிறகு ஏற்றம், சில சமயம் நடுவழியில் வேறு கேரியருக்கு மாற்றம், போன ஊரில் இறக்கம், மறுபடி ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது.

ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கில் புது ஆள். பத்மினியின் கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது என்பதைப் பார்த்தே இராத இளைஞர் அவர். சோக் இழுக்கத் தெரியாமல் செல்ஃப் அடித்தே பேட்டரியை இறக்குவார். இதில் அவர் தவறு ஒன்றுமில்லை. தினமும் ஸ்விஃப்ட், கிரெட்டா ஏற்றுகிறவர். அந்த வேலைக்கான ஏற்பாடு அது, நம் வேலைக்கானது இல்லை.

தட்டும் கவனிக்க வேண்டியது. மேல் தட்டுக் கார் எண்ணெய் விட்டால் கீழ்த் தட்டுக் காரின் கூரையில் சொட்டும். மேல் தட்டு வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நியாயமாகப் பார்த்தால் சொட்டப்போவது நம் வண்டிதான் என்று ஏஜென்ட் கீழேயே போடுவார்.

## ஒரே பார்வையில்

| | தனி ஃபிளாட்பெட் | தனி கன்டெய்னர் | பகிர்வு மூடிய கேரியர் |
|---|---|---|---|
| ஏறும் கோணம் | குறைவு | மேடை இருந்தால் சமம், இல்லாவிட்டால் செங்குத்து | நடுத்தரம். மேல் தட்டு கடினம் |
| ஓடாத கார் | எளிது | தள்ள ஆள் அல்லது வின்ச் | பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள் |
| கார் ஏறி இறங்குவது | ஒரே தடவை | ஒரே தடவை | பல தடவை |
| மழை, கல் | படும் | படாது | சாலையில் படாது, யார்டில் படும் |
| வழியில் சோதிப்பது | எப்போதும் | கதவைத் திறந்தால் ஓரளவு | முடியாது |
| உதிரிகள் | சிரமம் | வசதி | காருக்குள் சாமான் வைக்க விடமாட்டார்கள் |
| குறுகிய தூரச் செலவு | குறைவு | நடுத்தரம் | பொருந்தாது |
| நெடுந்தூரச் செலவு | அதிகம் | அதிகம் | குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | திரும்பும் ஓட்டம், காத்திருப்பு | மேடை, லோடுமேன், காத்திருப்பு | நாட்கள், கைமாற்றம் |

## பணம் யார் தருவார்

‘டிரான்சிட் இன்சூரன்ஸ் உண்டு சார்’ என்ற வாய்வார்த்தையை நம்பி யாரும் வண்டி ஏற்ற வேண்டாம்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். பதிவுள்ள காருக்கு முழு பாலிசி இருந்தால், சொந்தச் சேதப் பிரிவிலேயே சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகக் காரைக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். பலருக்கு இது தெரியாமல் இரண்டாவது தடவை பிரீமியம் கட்டுகிறார்கள். தர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடையாது; பழைய கார்க்காரர்களில் பெரும்பகுதி அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பதிவே இல்லாத ரேஸ் காருக்கு மோட்டார் பாலிசியே இல்லை.

இவர்கள் தனியாக உள்நாட்டு மரைன் டிரான்சிட் பாலிசி (பெயர்தான் மரைன், சாலைவழிச் சரக்குக்கும் இதுதான்) எடுக்க வேண்டும். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு வகை. ‘பி’ பிரிவு தீ, மோதல், வண்டி கவிழ்வது போன்ற பெயர் சொன்ன விபத்துகளுக்கு மட்டும். ‘ஏ’ பிரிவு விலக்குகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும். பயன்படுத்திய வண்டிக்குக் கீறல், நசுங்கலை விலக்கி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விலக்கியிருந்தால், நீங்கள் எதற்குப் பயந்து பாலிசி எடுக்கிறீர்களோ அதற்கு அது பயன்படாது.

ஏற்றிப்போகும் கம்பெனியின் பொறுப்புக்கும் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர்களுக்கு, அதாவது யார் சரக்கையும் வாடகைக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கு, பொருந்தும். காரின் உண்மை மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், இழப்பீடு வாடகையின் பத்து மடங்கு வரைதான். வாடகை 15,000 ரூபாய் என்றால் 1,50,000. ஒரு நல்ல கான்டெஸாவுக்கு டிங்கரிங்கும் பெயின்டும் முடிக்கவே அது போதாது. சரக்கு ரசீதில் மதிப்பு என்ற கட்டத்தை ஏஜென்ட் காலியாக விட்டால் நீங்களே நிரப்புங்கள்.

## எந்தக் காருக்கு எது

ரேஸ் கார், 500 கிலோமீட்டருக்குள்: உதிரிகளைப் பின்னால் இன்னொரு வண்டியில் கொண்டுவர ஆள் இருந்தால் ஃபிளாட்பெட். டயரும் டூலும் கூடவே போக வேண்டும் என்றால் தனி கன்டெய்னர்; இருங்காட்டுக்கோட்டைக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் பெரிய பாடியாக எடுத்துப் பங்கிடலாம். மிகத் தாழ்ந்த ஃபார்முலா காரை ஆட்களே தூக்கிச் சரிப்படுத்தலாம் என்பதால் கன்டெய்னரில் சிரமம் குறைவு.

ஓடாத நிலையில் வாங்கிய பழைய கார்: யோசிக்கவே வேண்டாம், ஃபிளாட்பெட். துரு பிடித்த வண்டிக்கு மழையால் புதிதாக ஒன்றும் ஆகாது. ஏற்றுவதற்கு முன் கழன்று விழக்கூடிய பீடிங், ஹப்கேப்பை எல்லாம் கழற்றி மூட்டை கட்டிவிடுங்கள். அவைதான் பிறகு எங்கும் கிடைக்காதவை.

ஊட்டிக்கு: மேட்டுப்பாளையம், குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உயரமான கன்டெய்னர் ஒவ்வொரு வளைவிலும் சாயும், உள்ளே கட்டு சரியில்லை என்றால் கார் பக்கவாட்டில் நகரும். சின்ன ஃபிளாட்பெட் போதும். அல்லது மேட்டுப்பாளையம் வரை ஏற்றி வந்து, அங்கிருந்து அதிகாலையில் நீங்களே ஓட்டிப் போகலாம். வண்டி நல்ல நிலையில் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். விண்டேஜ் பதிவு வாங்கிய, 50 ஆண்டைத் தாண்டிய கார் என்றால் 2021 விதிப்படி அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ராலி அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லிப் பக்கம்: பதிவுள்ள, தானாக ஓடும், பெரிய அபூர்வம் இல்லாத மாருதி 800 மாதிரியான கார் என்றால் பகிர்வு மூடிய கேரியர். அபூர்வமான கார் என்றால் தனி கன்டெய்னர். வாடகை வலிக்கும், இருந்தாலும் அந்தக் காருக்குப் புது ஆள் கை படக்கூடாது.

புது பெயின்ட்: ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழை விடும்வரை பட்டறையிலேயே நிற்கட்டும், அல்லது தனி கன்டெய்னர். தை முதல் பங்குனி வரை குறுகிய தூரத்துக்கு நல்ல ஃபிளாட்பெட்காரர் கிடைத்தால் தாராளமாகத் திறந்தே அனுப்பலாம். எப்படி அனுப்பினாலும் பெயின்ட் அடித்த முதல் சில வாரம் அதன் மேல் ஸ்பாஞ்சோ பபுள் ஷீட்டோ ஒட்டவிடாதீர்கள். முழுசாகக் காயாத பெயின்டில் குமிழ் அச்சு அப்படியே பதியும். பிறகு பாலிஷ் போட்டாலும் போகாமல், அந்தப் பக்கத்தையே மறுபடி அடிக்க நேரலாம்.

இறக்கும் நேரத்தைப் பகலில் வையுங்கள். ஏற்றும்போது எடுத்த படத்தோடு ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டு, சேதம் இருந்தால் ரசீதிலேயே எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் மேல் வழக்குப் போட வேண்டி வந்தால், புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.